ஜெரோம் போவதற்குள் ஒரு மீன்

10 பெப்ரவரி 2008, ஞாயிறு

மழை. பனி கொட்டவேண்டிய மாதத்தில் மழை. வீடு இருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதை முழுக்கச் சேறு. சப்பாத்து நனைந்தது, காலுறை நனைந்தது, தேநீர்ப் போத்தல் மட்டும் உலர்ந்திருந்தது. உள்ளேயும் உலர்வு. ஊற்ற மறந்துவிட்டேன்.

ஆற்றுவாயில் மீன் பிடிக்கத் தடை. தடைப் பலகைக்கு அப்பால், பாறையில் நின்று நானும் ஜெரோமும் தூண்டில் வீசினோம். தூண்டில் தகடு பறக்கும், விழும், வெறுமையாகத் திரும்பி வரும். ஒக்ரோபரிலிருந்து இதுதான்.

ஜெரோமுக்கு வடக்கே ட்ரொன்ட்ஹைமில் புதிதாய் எலெக்ட்ரிசியன் வேலை. சனிக்கிழமை ரயில். பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருந்தவன். ஒன்றாக ஒரு மீன், ஒரே ஒரு கடல் ஓரெட் பிடித்துச் சமைத்துச் சாப்பிடாமல் போகமாட்டேன் என்கிறான்.

"மன்னார்க் கடல்லை அப்பா வலையை உதறினாலே மீன் விழும்," என்றான்.

"அப்ப அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா."

"அவருக்குக் குளிர் ஒத்துவராது. மீனுக்கும் ஒத்துவராதுபோலை."

சிரித்தோம். அவன் இல்லாமல் இந்தப் பாறையில் நான் நிற்பேனா? தெரியவில்லை. எனக்கு மீனில் அவ்வளவு ஆசை இல்லை.

12, செவ்வாய்

பகல் முழுக்க நூலகம். ஆய்வுரை: இரண்டு வரி எழுதி, மூன்று வரி வெட்டியாயிற்று.

பின்னேரம் ஜெரோம் வேலை முடிந்து நேரே வந்தான். தூறல். நாலாவது வீச்சில் அவன் தடி வளைந்தது! இருவரும் கத்தினோம். நாயோடு நடந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

கைவலையில் கிடந்தது: நீண்ட தலை, ஒட்டிய வயிறு. ஆற்றில் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து, கடலுக்குத் திரும்புகிற மீன். இங்கே யாரும் இதைக் கொல்வதில்லை. நாய்க்காரி, நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று பார்த்தபடி நின்றாள்.

ஜெரோம் அதை இரு கைகளாலும் தண்ணீருக்குள் பிடித்திருந்தான். நெடுநேரம்.

"முகாமிலை இருந்து வெளிக்கிட்ட ஆள் மாதிரி இருக்கிறான்," என்றான். "பாவம். விசா குடுத்து விடுவம்."

கை திறந்தான். போய்விட்டது. அந்தப் பெண் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

ஹொல்ம்லியா ஸ்டேஷனில் அவன்: "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. கடைசி நாள். வருவாய்தானே?"

"ஓம், ஓம்."

13, புதன்

வாங்கவேண்டியவை: பால், புளி, மின்குமிழ், அம்மாவுக்கு இருமல் மருந்து.

ஒரு நண்பன் போவதைப் பற்றி எழுத முயன்றேன். எல்லாம் கவிதையாகிறது. அழித்துவிட்டேன்.

15, வெள்ளி

மழை, காற்று இல்லை. தண்ணீர் தேயிலை நிறம்.

பதினொரு மணியளவில் என் தடி. முதலில் பாசி என்றே நினைத்தேன். பாசி பாயாது. ஜெரோம் கைவலையோடு முழங்கால் வரை இறங்கிவிட்டான். "இழுக்காதை! விடு! இழு!" மூன்றையும் ஒன்றாகச் சொன்னான்.

கொழுத்த மீன். மினுங்கும் செதில், சின்னத் தலை. சட்டம் சொல்லும் அளவைவிட ஒரு சாண் கூட. பாறையில் இருவரும் ஆடினோம். அப்போதுதான் நினைவு வந்தது.

"ஜெரோம். இண்டைக்கு வெள்ளி."

"அதுக்கு?"

"எங்கடை வீட்டிலை மீன் இல்லை. வாசல்படிக்கும் வராது."

அவன் பாறையில் இருந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். "தவக்காலத்திலை வெள்ளி எண்டால் எங்களுக்கு மீன்தான் மச்சான்! இறைச்சிதான் ஆகாது."

ஆக, ட்வெய்ட்டாவில் அவன் அறை. எல்லாம் பெட்டியில். மிச்சம்: ஒரு கத்தி, ரைஸ் குக்கர், இரண்டு சோற்றுக் கோப்பை. அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"மீன் பிடிச்சிட்டம் அம்மா."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"நாலு மாசமாய் வராத மீன் இண்டைக்கோ வரவேணும்?"

"அதுக்குக் கிழமை தெரியாதே அம்மா. ஜெரோமின்ரை அறையிலை நிக்கிறம். கறித்தூள் எவ்வளவு போடுறது?"

"எவ்வளவு பெரிசு?"

சொன்னேன்.

"ஒண்டும் போடாதை. கத்தியைக் கீழை வை. நான் வாறன்."

வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் நீலப் பை. பைக்குள் சட்டி, தூள், வெங்காயம், தேங்காய்ப்பால் ரின். மீனைப் பார்த்து, "நல்ல மீன்," என்றார், யாரையோ மன்னிப்பதுபோல. வெட்டினார், கழுவினார், குழம்பு கூட்டினார். ருசி பார்க்கமுடியாது. விரதம்.

"தம்பி, உப்புக் காணுமோ பார்."

ஜெரோம் கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டான். நாக்கு வெந்தது. "இன்னும் கொஞ்சம் போடலாம் அன்ரி."

போட்டார்.

சாப்பிட உட்கார்ந்தோம். என் கோப்பையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து வெள்ளியில் மச்சம் தொட்டதில்லை. கடவுளை நம்பாத எனக்கு இந்தத் தயக்கம் எங்கிருந்து?

"அம்மா..."

"நான் சமைச்சுப்போட்டன். தின்னுறதும் விடுறதும் உன்ரை பாடு." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தின்றேன். கடல் முழுக்க அந்தச் சட்டியில். ஜெரோம் கண் கலங்க, "அந்தமாதிரி ருசி அன்ரி!" என்றான். தண்ணீர் குடித்தான். நானும் குடித்தேன். மறுபடி குடித்தோம். ஒரு துண்டு மிஞ்சவில்லை.

போகும்போது அம்மா: "சட்டி இஞ்சையே இருக்கட்டும். அங்கை உனக்கு வேணும்."

16, சனி

மத்திய ஸ்டேஷன். அம்மாவும் வந்தார், இடியப்பப் பார்சலோடு. ஜெரோமின் முதுகில் பை, ஒரு கையில் தூண்டில் தடி, மறு கையில் சட்டி. கட்டிப்பிடிக்க ஒரு கையும் இல்லை. நான்தான் பிடித்தேன்.

"ஏப்ரலிலை வா. அங்கை பெரிய ஆறு இருக்காம்."

"வாறன்." சொன்ன பிறகுதான், உண்மையாகவே சொன்னேன் என்று தெரிந்தது.

ரயில் போய்விட்டது. அம்மா வெறும் தண்டவாளத்தைப் பார்த்தபடி:

"உப்புக் கூடத்தானே?"

"எப்பிடித் தெரியும்?"

"மாடு மாதிரித் தண்ணி குடிச்சியள். அவன் ஏன் சொல்லேல்லை?"

"அவன் சொல்லமாட்டான் அம்மா."

"ஃபோனை எடு."

எடுத்துக் கொடுத்தேன். "தம்பி, அங்கை மீன் பிடிச்சால் வியாழக்கிழமை பிடியுங்கோ. நானும் வருவன், ருசி பாத்துச் சமைக்க... தம்பி? தம்பி?"

லில்லெஸ்ட்ரோமுக்கு முன்னுள்ள சுரங்கத்துக்குள் ரயில்; தொடர்பு அறுந்தது. கேட்டானோ தெரியாது. அம்மா மறுபடி ஃபோன் எடுக்கிறார்.