இரண்டாவது குப்பி

பதிவு 61
4 ஆகஸ்ட் 2047, காலை 9.10

இதை வாசிப்பவர் யாராயினும், முதலில் என் நிலையைத் தெளிவுபடுத்துகிறேன். பெயர் சவரிராயன், தொழிலால் வழக்கறிஞர். கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தொலைவில் மிதக்கும் எபோலா ஆய்வு நிலையத்தில் விதி அலுவலராக இருக்கிறேன். உள்ளறையில் டாக்டர் ஜுலைகாவும், வௌவால்களைப் பராமரிக்கும் மாசானமுத்துவும் பணிபுரிகின்றனர். நான் வெளியறையில். நடுவே தடித்த கண்ணாடி, ஓர் ஒலிபெருக்கி, பொருள்களை அனுப்ப ஒரு சிறு பெட்டி.

வைரஸைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால்கள் ஏன் நோயுறுவதில்லை என்பதே ஆய்வு. இன்று பன்னிரண்டும் நலம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒப்பமிட்ட படிவம் தேவை என நினைவூட்டினேன். மாசானமுத்துவின் பதில் பதிவுக்குரியதன்று, எனினும் பதிகிறேன்.

"அண்ணாச்சி, வௌவால் கையெழுத்துப் போட மாட்டேங்கு. கட்டைவிரல் ரேகை வாங்கிக்கிடலாமா?"

பதிவு 62
5 ஆகஸ்ட், பிற்பகல் 2.35

மாதிரிகளைச் சுழற்றும் கருவி வெடித்தது. குழாய்கள் சிதறின. அழுத்தம் நிலைகுலைந்து, உள்ளறைக் காற்று நான்கு நிமிடங்கள் வெளியறைக்குள் வந்தது. இந்த வகை வைரஸ் காற்றில் பரவும் என்பதற்குச் சான்றில்லை. பரவாது என்பதற்கும் இல்லை. ஆகவே மூவரும் தொற்றுக்கு ஆளானவர்களாகக் கருதப்படுகிறோம். நிலையம் தானே பூட்டிக்கொண்டது. இருபத்தொரு நாட்களுக்கு எந்தக் கதவும் திறவாது, எந்தப் படகும் வராது.

பதிவு 68
11 ஆகஸ்ட், காலை 7.50

மாசானமுத்துவுக்குக் காய்ச்சல், 38.7. இரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை.

டாக்டர் எதிர்ப்பு மருந்தைக் கோருகிறார். ஒருவருக்கு ஒன்று வீதம் இரண்டே குப்பிகள் உள்ளன. அவை என் அறையின் அலமாரியில், என் உள்ளங்கைக்கு மட்டும் திறக்கும் பூட்டுக்குள். பிரிவு 14 கூறுவது: 'உறுதிசெய்யப்பட்ட தொற்று உள்ளவருக்கே மருந்து வழங்கப்படும்.' அதை வரைந்தவன் நான். முந்தைய ஆய்வொன்றில் சாதாரணக் காய்ச்சலுக்கு இதே மருந்தைப் பெற்ற இருவர் மருந்தாலேயே இறந்தனர். காரணமின்றி அந்தச் சொற்களை எழுதவில்லை.

"சார், காய்ச்சல் வந்த முதல் மூணு நாள் ரத்தத்துல இது சிக்காமப் போகலாம். சிக்குற வரைக்கும் காத்திருந்தா மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்ல. இப்பவே குடுங்க."

கரையிலுள்ள தலைமையகத்தை வினவினேன். பதில்: "விதிவிலக்களிக்கும் உரிமை தங்களுடையது. முடிவைப் பதிவு செய்க."

முடிவு: மறுக்கப்பட்டது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பின் மறுபரிசோதனை.

பதிவு 71
14 ஆகஸ்ட், காலை 8.15

தொற்று உறுதி. 8.05க்கு முடிவு வந்தது, 8.09க்கு முதல் குப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். தாமதம் என் தரப்பில் நான்கு நிமிடங்கள் மட்டுமே.

மேற்கண்ட வாக்கியத்தை அடிக்க விரும்பினேன். பதிவுகளை அடித்தல் விதிக்குப் புறம்பானது.

மாசானமுத்து பேசினார். ஈறுகளில் இரத்தக் கசிவு இருந்ததால் சொற்கள் தெளிவாக இல்லை.

"மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி. நீங்க எழுதுனதுலதான நானும் கையெழுத்துப் போட்டேன்."

பதிவு 73
16 ஆகஸ்ட், மாலை 4.40

மாசானமுத்து, வயது முப்பத்தொன்பது, 4.20க்கு இறந்தார்.

டாக்டர் நேரத்தை மட்டும் அறிவித்தார். உடலைத் தனியொருவராகவே சுற்றிக் கட்டினார். வைக்க வேறிடம் இல்லாததால் வௌவால் கூண்டுகளுக்கருகே கிடத்தியிருக்கிறார். இப்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார்.

என் முடிவுக்கான விளக்கக் குறிப்பை ஆயத்தம் செய்தேன். நான்கு பக்கம். மூன்று முறை வாசித்தேன். ஒரு வாக்கியத்திலும் பிழையில்லை.

பதிவு 76
19 ஆகஸ்ட், காலை 10.50

காலையில் தொண்டை வலி. வெப்பம் 38.2.

என் அறைக் கருவியின் முடிவு 10.12க்கு வந்தது. வைரஸ் தென்படவில்லை.

10.23க்கு இரண்டாவது குப்பியை எனக்குச் செலுத்திக்கொண்டேன்.

விதிவிலக்களிக்கும் உரிமை எனக்குண்டு, அதைப் பயன்படுத்தினேன். மூன்று நாள் மாசானமுத்துவுக்கு மறுத்ததை எனக்கு வழங்கப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். அதில் ஆறு நிமிடம் ஊசியின் உறையைப் பிரிக்கத் தெரியாமல் கழிந்தது. கரையிடம் கேட்கவில்லை. டாக்டரிடம் தெரிவிக்கவில்லை. அவர் அப்போது இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான்கு பக்கக் குறிப்பு மேசை மேல் இருக்கிறது. அதை இனி

பதிவு 77
அதே நாள், பிற்பகல் 3.40

நண்பகலிலேயே என் காய்ச்சல் தணிந்துவிட்டது. மருந்து அவ்வளவு விரைவாக வேலை செய்யாது என்பதை அறிவேன். வெறும் ஜலதோஷமாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்றுதான் எழுத முடியும்.

3.25க்கு ஒலிபெருக்கி. சொற்களை அப்படியே தருகிறேன்.

"சார், எனக்கும் ஏறிடுச்சு. முப்பத்தெட்டரை. டெஸ்ட் நெகட்டிவ்தான், அது தெரிஞ்சதுதானே. உங்ககூட மறுபடி சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. உங்க விதிப்படியே மூணு நாள் இருந்துக்கிறேன். அந்த ரெண்டாவது குப்பியை மட்டும் பத்திரமா வச்சிருங்க."

கண்ணாடியின் பக்கம் திரும்பியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"வச்சிருக்கேன், டாக்டர்" என்றேன்.

நன்றி சொன்னார்.