ஆயினியை வெட்டாத சனிக்கிழமை

அப்பா,

நேற்று பாறசாலையில் மரம் அறுக்கும் மில்லின் பக்கம் பஸ் நின்றது. ஜன்னல் வழியே ஆயினித் தடி அறுக்கும் மணம் வந்தது. நல்ல மணம் என்றாள் பக்கத்தில் இருந்த பெண். நான் ஜன்னலை மூடினேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு உதியன்குளங்கரை வரை போய்விட்டேன்.

மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்புக்குச் சீட்டுப் போட்டார்கள். நீங்கள், நான் பிறந்த அன்றே நம் வீட்டு ரோட்டோரத்து ஆயினி மரத்தைக் காட்டி, இது இவளுடைய காலேஜ் என்றீர்களாம். கொத்தவேலைக் கூலியை வீடு சேர்வதற்குள் ஊருக்கு இறைத்துவிடும் ஆள் நீங்கள். "எனக்க கையில சக்கரம், துட்டு ஒண்ணும் நிக்காது. அது மரத்தில நிக்கட்டும்" என்பீர்கள். கூரை ஒழுகியபோதும், அம்மா காய்ச்சலில் கிடந்தபோதும் மரவியாபாரி வந்து அதை விலைக்குக் கேட்டான். நீங்கள் அசையவில்லை. தன்னைவிட அந்த மரத்தைத்தான் அதிகம் தடவிக் கொடுக்கிறார் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள்.

அப்புறம் நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் வந்தது. நீங்களும், உங்களோடு கொத்தவேலை பார்த்த தாசையன் மாமாவும் எல்லா ஜாதா ஊர்வலத்திலும் முன்னால் போனீர்கள். உள்ளவன் உள்ளதைக் கொடுக்க வேண்டும் என்று மேடையில் முழங்கினீர்கள். பள்ளிக்கூடம் முடித்திருந்த நான் கை வலிக்கத் தட்டினேன்.

கடைசியில் மரத்துக்கு விலை பேசினீர்கள். திங்கட்கிழமை வெட்ட ஆள் வருவதாகப் பேச்சு. அந்த வாரமே நாகர்கோவிலில் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டும். சனிக்கிழமை காலையில் தாசையன் மாமா கோடாலியோடு ஓடி வந்தார். பின்னால் அறுப்புவாளோடு இரண்டு பேர்.

"அண்ணே, நெய்யாற்றின்கரையில இருந்து போலீஸ் வண்டி பொறப்படப் போவுதாம். நம்ம ஆளுவளப் பிடிக்க வாறானுவ. ஆயினிய ரோட்டில சாய்ச்சா வண்டி இஞ்ச வராது."

மரத்தில் முதுகைச் சாய்த்து, "தென்னைய வெட்டு" என்றீர்கள்.

"தென்னைய நாலு பேரு தூக்கி மாத்திருவானுவ."

"ரோட்டில கெடந்தா மரத்தப் போலீஸ் கொண்டு போயிரும். எலே, எனக்க மவளுக்க காலேஜாக்கும் அது."

"உள்ளத குடுக்கணும்னு கூட்டத்தில நீங்கதானே சொன்னிய?"

கடைசியில் நீங்கள் மரத்தில் சாய்ந்தே நின்றீர்கள். மாமா கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வண்டி வந்தது. மற்றவர்களை ஓடவிட்டு மாமா சந்திப்பில் தனியாக நின்றார். அவருடைய வலது மணிக்கட்டை அடித்து நொறுக்கினார்கள். அதன்பிறகு அந்தக் கை கொத்துக்கரண்டியைப் பிடிக்கவே இல்லை.

திங்கட்கிழமை மரம் வெட்டப்பட்டது. ஊர் உங்களைக் காட்டிக்கொடுத்தவன் என்றது. ஞாயிற்றுக்கிழமை சபையில் நீங்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. கூட்டங்களுக்கு உங்களை யாரும் கூப்பிடவில்லை. எல்லை பிரிந்து நம் ஊர் தமிழ்நாட்டில் சேராமல் இந்தப் பக்கமே நின்றபோது, அதற்கும் உங்களைத்தான் குறை சொன்னார்கள்.

நான் காலேஜுக்குப் புறப்பட்ட அன்று மாமா பஸ்ஸுக்கு வந்தார். இடது கையை என் தலையில் வைத்து, "நல்லா படி மக்கா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

ஒன்றை நாம் இருவர் மட்டுமே அறிவோம். மாமா அப்படிக் கேட்டபின் உங்கள் முதுகு மரத்தை விட்டு விலகியது. வழிவிடத்தான் போனீர்கள். அப்போது வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தீர்கள். மாமாவின் கண்ணும் கூட வந்தவர்களின் கண்ணும் ரோட்டில் இருந்தன. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். நீங்கள் மறுபடியும் மரத்தில் சாய்ந்தீர்கள்.

சாகும்வரை அந்தப் பேரைச் சுமந்தீர்கள். அம்மாவிடம்கூட என் பேரைச் சொல்லவில்லை. நான் படித்து டீச்சரானேன். தெருவில் போனால் எழுந்து நின்றார்கள். அந்தத் தலையாட்டலை இன்னும் என்னிடமே வைத்திருக்கிறேன் அப்பா. மாமாவிடம் சொல்லவில்லை, அவர் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. என் வீட்டிலேயே உட்கார்ந்து உங்களைக் கோழை என்று பேசியவர்களுக்கு நான் சாயா போட்டுக் கொடுத்தேன்.