இரண்டு வெங்காயத்தில் ஒரே புள்ளி

நவம்பர் 12, திங்கள்
காலையில் பனிமூட்டம். ஸ்வெட்டரில் பூச்சி உருண்டை வாசனை. பயாலஜி லாப்: வெங்காயத் தோல், சிவப்புச் சாயம். நான் முதல் பேட்ச், நாலாம் நம்பர் மைக்ராஸ்கோப். செல்கள் எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் மாதிரி, வரிசையாய், நடுவில் பொதுச் சுவர். அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துச் செல்லுக்கு நுண்ணிய பாதைகள் உண்டு என்று படித்திருந்தேன். ஒரு சுவரின் மேல் கரும்புள்ளி! கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம். லாப் பைலில் வரைந்து, ‘பாதை’ என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நவ. 15, வியாழன்
மேடம் என்னையும் மாடி வீட்டு வத்சலாவையும் கூப்பிட்டார். அவள் இரண்டாம் பேட்ச். அவள் படத்திலும் அதே இடத்தில் புள்ளி, பக்கத்தில் கேள்விக்குறி.

“அந்தப் பாதையெல்லாம் ஸ்கூல் மைக்ராஸ்கோப்புல தெரியவே தெரியாது. இல்லாததை ரெண்டு பேரும் எப்படிப் பார்த்தீங்க? யாரைப் பார்த்து யார் வரைஞ்சது?”

“நான் முதல் பேட்ச், மேடம்.”

இவ்வளவுதான் சொன்னேன். வத்சலாவின் பைலுக்குப் பூஜ்யம்.

பஸ்ஸில் அவள்: “கசம்டீ, சத்தியமா நான் காப்பி அடிக்கலை. இருந்தது, போட்டேன்.”

“ரெண்டு வெங்காயத்துலயும் ஒரே இடத்துலயா?”

“அச்சா. பெரிய ஜாசூஸ் நீ, துப்பறிஞ்சு கண்டுபிடிச்சுட்டே!”

முகம் சிவந்திருந்தது. குற்றவாளிக்கும் சிவக்கும்.

நவ. 16, வெள்ளி
சந்தேகங்கள்:
அ) திங்கள் சாயங்காலம் காம்பஸ் பெட்டி கேட்டு வந்தாள். என் பைல் மேஜை மேல் திறந்து கிடந்தது.
ஆ) அம்மா அவளுக்கு அடை கொடுத்தாள். பத்து நிமிடமாவது இருந்திருப்பாள்.
இ) “உன் டிராயிங் நன்னா இருக்குடீ” என்றாள். எந்த டிராயிங்?

அம்மா: “அது நல்ல பிள்ளைல்லா. அவ உன்னதப் பாத்து வரைஞ்சத நீ பாத்தியாட்டி?”

பார்க்கவில்லை.

பால் பூத்தில் வத்சலா என்னைத் தெரியாத மாதிரி நின்றாள். நடிப்பு. இந்த நோட்டு இனி தலையணை உறைக்குள். அவள் சமஸ்கிருதம் எடுத்தவள், தமிழ் எழுத்துக் கூட்டவே வராது. இருந்தாலும்.

நவ. 17, சனி
லாப். கன்னத்தின் உள்தோல். விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வுதான். உடம்புக்குள் ஒன்றோடொன்று தையல் போட்டது போல் பிடித்திருக்குமாம். பல்குச்சியால் வழித்ததில் பிரிந்து, தனித்தனியாய்க் கிடந்தன. எனக்கு மறுபடி நாலாம் நம்பர்.

இரண்டு மணி இடத்தில் புள்ளி.

சுவரே இல்லாத செல்லில். ஸ்லைடை நகர்த்தினேன், செல்கள் நகர்ந்தன, புள்ளி நகரவில்லை. கண் வைக்கும் லென்ஸைத் திருப்பினேன். புள்ளியும் கூடவே சுற்றியது. லென்ஸில் தூசி.

லாப் ரிஜிஸ்டர்: திங்கள், இரண்டாம் பேட்ச், வத்சலா, எண் 4. எந்த மைக்ராஸ்கோப் என்று நான் அவளைக் கேட்கவே இல்லை.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். “அன்னிக்கு நீ ஏன் அப்படிச் சொன்னே?” நான் ஸ்லைடைக் கழற்றினேன். “அவ பைலை நீயே போய் வாங்கிட்டு வா. மார்க் போடறேன்.”

சாயங்காலம் மாடி ஏறினேன். தூசி, லென்ஸ், எண் 4, எல்லாம் சொன்னேன். வத்சலா பைலைத் திறந்து நீட்டினாள். புள்ளியை அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. செல் சுவரில் இப்போது நிஜமாகவே ஓட்டை.

“இதுவும் உன்னைப் பார்த்துப் பண்ணினதுதானா?” என்றாள்.