தர்பூசணியின் மன அமைதி

மார்ச் 4
பெரிய டாக்டர் கூப்பிட்டார். தலையில் வயர் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்வதில் எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். அதனால் ஆறு வாரம் கலைக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். அவருடைய நண்பர் அங்கே ஒரு வீடியோ படைப்பு வைக்கிறார். பெயர் ‘அகக்கடல்’. வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து வயர் தொப்பி மாட்டிக்கொள்வார். எதிர்ச் சுவர் முழுக்கக் கடல். மனம் கொந்தளித்தால் கடலும் கொந்தளிக்கும், அடங்கினால் அடங்கும்.

எனக்கு ஒரு பதிவு எடுக்க அரைமணி ஆகிறது. அதுவும் நோயாளி அசையாமல் இருந்தால். அங்கே மூன்று நிமிஷத்தில் மனசே தெரிந்துவிடுமாம். போகிறேன் என்றேன். என் அறைக்கு ஜன்னல் கிடையாது.

மார்ச் 7
படைப்பாளியைப் பார்த்தேன். (அப்படித்தான் அழைக்க வேண்டும். அவரே சொன்னார்.) அறிவியலும் ஆன்மாவும் சங்கமிக்கும் இடம் என்று அரைமணி பேசினார். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடு வரச் சொன்னார். எதற்கு என்றேன். “கோட்டு இல்லன்னா ஜனங்க நம்ப மாட்டாங்க மேடம்.”

மார்ச் 12
திறப்பு விழா. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கடல் அடங்கியதும் ஒரு அம்மாள் அழுதார். ஒரு வங்கி அதிகாரி, பல வருஷக் கோபம் இறங்கிவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டார். படைப்பாளியின் கையை அல்ல, என் கையை. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 15
அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தானுக்கு எட்டு வருஷமாக வலிப்பு. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. நான்தான் தொப்பி மாட்டினேன். கடல் பொங்கியது, பிறகு கண்ணாடி மாதிரி அடங்கியது. அத்தான் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். “பாத்தியாம்மா, என் மூளை எவ்வளவு அமைதியா இருக்கு!”

இது ஆஸ்பத்திரி டெஸ்ட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசை. படைப்பாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து வைத்தேன்.

மார்ச் 19
காலையில் தொப்பி வயரைப் பெட்டியில் சொருக மறந்துவிட்டேன். ஐந்து பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். ஐந்து பேருக்கும் புயல், பிறகு அமைதி.

எழுதியதை மறுபடி படிக்கிறேன். வயரைச் சொருகவில்லை.

மார்ச் 20
காவலாளி சாப்பிட வைத்திருந்த தர்பூசணியைக் கேட்டு வாங்கினேன். மதிய இடைவேளையில் அதை நாற்காலியில் வைத்து, பசை தடவி, தொப்பி மாட்டினேன். வயரையும் ஒழுங்காகச் சொருகினேன், பழத்துக்கு அநியாயம் செய்யக் கூடாதே. ஒரு நிமிஷம் பத்து நொடியில் புயல் உச்சம். இரண்டு நிமிஷம் நாற்பதில் அமைதி. மூன்று தடவை பார்த்தேன், நொடி பிசகவில்லை.

“பாவம், அதுக்கும் என்ன கவலையோ” என்றார் காவலாளி.

மார்ச் 21
கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பெண்ணை டீக்கடையில் மடக்கினேன். அவள் மறைக்கவில்லை. அலை சரியாகவே வரவில்லையாம், யாராவது பல்லைக் கடித்தால்கூடக் கடல் குதித்ததாம். திறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுவிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லையே என்றாள்.

படைப்பாளியிடம் போனேன். உண்மைக்குப் பல அடுக்கு உண்டு என்றார். வயர் எந்த அடுக்கில் சொருகியிருக்கிறது என்று கேட்டேன். எனக்குக் கற்பனை போதாது என்றார்.

நாளைக்கே நின்றுவிடலாமா? இன்னும் சில வாரம்தானே.

மார்ச் 29
அத்தான் குளியலறையில் விழுந்துவிட்டார். வலிப்பு.

மார்ச் 30
நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். பேசுகிறார். இரண்டு வாரமாக மாத்திரையே போடவில்லையாம் — அக்காவுக்குத் தெரியாமல். ஏன் அத்தான் என்றேன்.

“உன் மிஷின்ல பாத்தேனேம்மா. நீதானே மாட்டிவிட்ட.”

ஆமா, நான்தான் மாட்டினேன். கோட்டைப் போட்டுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு. ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு எனக்கு? வரிசை நிக்குதாம். நின்னா நிக்கட்டுமே! தெரிஞ்ச பிறகும் ஒன்பது நாள் — ஒரு போன் பண்ணத் தோணலையே.

அக்கா என்னை ஒன்றுமே கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2
இன்று கலைக்கூடத்தில் கலந்துரையாடல். பத்திரிகைக்காரர்கள், விமர்சகர்கள், பேராசிரியர்கள். ஒரு தர்பூசணி வாங்கிக்கொண்டு போனேன். அதற்குத் தொப்பி மாட்டி, கடல் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: இந்தத் தொப்பி எதையும் படிப்பதில்லை. எல்லோருக்கும் ஓடுவது ஒரே படம். இதை நம்பி என் அத்தான் மாத்திரையை நிறுத்தினார், விழுந்தார்.

 எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒரு விமர்சகர் பக்கத்தில் வந்து, அந்த அத்தான் பாத்திரம் யாருடைய கற்பனை என்று கேட்டார்.

ஏப்ரல் 3
பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. ‘பகுத்தறிவையே பகடி செய்யும் துணிச்சல்.’ பழம் நன்றாக விழுந்திருக்கிறது, நான் பாதிதான். படைப்பாளி போனில் நன்றி சொல்லிவிட்டு, தினமும் இரண்டு காட்சி செய்ய முடியுமா என்றார். இனி அங்கே வேலைக்கு வருவதில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5
பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நண்பராயிற்றே, மழுப்புவார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, நீயே எழுது, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதினேன்: ‘இந்தத் தொப்பி மூளையைச் சோதிப்பதில்லை. யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம்.’ ஆஸ்பத்திரி முத்திரையோடு கலைக்கூட வாசலில் நானே ஒட்டினேன்.

ஏப்ரல் 9
காவலாளி போன் செய்தார். என் அறிவிப்புக்குப் பக்கத்தில், மற்றப் படைப்புகளுக்கு எதில் செய்தது என்று எழுதி வைப்பது மாதிரியே, ஒரு சின்ன அட்டை முளைத்திருக்கிறதாம்: ‘தாள், பசை, முத்திரை.’ ஜனங்கள் அதோடு படம் எடுத்துக்கொள்கிறார்களாம். ஆனால் ஒரு பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாராம். தண்ணீர் கேட்டாராம். ஒருவர். போதும்.

ஏப்ரல் 16
அத்தானுக்கு இன்று எங்கள் அறையில் பதிவு எடுத்தேன். நான் கூப்பிடவில்லை, அவராகவே, பதிவுக்கு வேண்டியபடி தலைக்கு எண்ணெய் வைக்காமல், குளித்துவிட்டு வந்திருந்தார். ரிப்போர்ட் டாக்டர்தான் எழுதுவார். கோடுகள் ஓடி முடித்ததும், பசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இதையாவது உனக்கு நிஜமா படிக்கத் தெரியுமா?”

கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரியும் என்று நான் சொல்லவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, முதல் கோட்டிலிருந்து காட்டத் தொடங்கினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.