சிலுப்பாத கிடா

12-12-1998, சனி
தீபம் முடிந்தும் தூறல் விடவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கோழிக்கூண்டைத் திறந்தேன். பதினோரு கோழி, ஒரு சேவல். ஈரச் சாக்கை உதறி, பீயை வழித்து, சாம்பல் தூவி, குஞ்சுகளை அடுப்போரம் கூடையில் வைத்து, ஆட்டுக் கொட்டகையில் புழுக்கை கூட்டி முடிப்பதற்குள் விரல் மரத்துவிட்டது. நான் பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. அண்ணன் அறிவுச்செல்வன் பத்தாவது பெயில். போர்வைக்குள்ளிருந்து, "அந்தச் சேவல வாய மூடச் சொல்லு" என்கிறான். அவனைக் கூட்டச் சொன்னால் அம்மா பாய்கிறாள். "ஆம்பளப் புள்ள கோழிப்பீ அள்ளுவானா?"

அள்ள மாட்டான். கோழிக்கறி தின்பான்.

15-12
திருவண்ணாமலை பால் கம்பெனிக்கு மனு போட்டது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வேலை கிடைத்தால் நம் கறுப்புக் கிடாவை ஏரிக்கரை வாழ்முனிக்கு வெட்டுவதாக வேண்டிக்கொண்டாளாம். கிடா மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. கறி பிடிக்கும். ஆனால் மூன்று வருடம் முட்டி மோதிப் படித்தது நான், பெயர் வாங்குவது முனியா?

"நான் படிச்சதுக்கு அதுக்கு எதுக்கும்மா கூலி?"

"வாயக் கழுவு."

அப்பாவிடம் போனேன். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர். "எனக்கு நம்பிக்கை இல்லம்மா. அது உங்கம்மா விஷயம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "தலைய மட்டும் பூசாரிக்குக் குடுத்துடாதீங்க" என்றார்.

19-12
கொட்டகை கழுவும்போது கிடா முதுகில் தண்ணீர் விழுந்தது. உடம்பைச் சிலுப்பியது.

பலி ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் கத்தி வைக்கக்கூடாது. தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது? குளிருக்குச் சம்மதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

சரி, சிலுப்பாமல் நிற்கப் பழக்கினால்?

20-12
சோதனை ஆரம்பம். ஒரு கை தண்ணீர். சிலுப்பாமல் நின்றால் கடலைப் புண்ணாக்கு. சிலுப்பினால் கிடையாது. பத்துக்குப் பத்தும் சிலுப்பியது.

26-12
பத்துக்கு ஆறு.

எல்லம்மாள் அத்தை வந்திருந்தாள். மகள் கீதாஞ்சலிக்கு மாப்பிள்ளை பார்க்கிறாளாம். "பன்னெண்டாவது கூட முடிக்கல. காலேஜுக்கு அனுப்புங்க அத்தை" என்றேன். "நீ படிச்சிக் கிழிச்சத்தான் பாக்கறமே, கோழி மேய்க்கறே" என்றாள்.

3-1-1999
பனி. இரண்டு குஞ்சு விறைத்துக் கிடந்தன. அடுப்பில் நெருப்பு அணைந்ததை நான் பார்த்திருக்க வேண்டும். அழவில்லை. கொஞ்சம்.

9-1
பத்துக்கு ஒன்றுதான்! இப்போது சொம்பைக் கண்டாலே ஓடி வந்து வாயைத் திறக்கிறது.

"என்னா, கிடா இப்டி பளபளன்னு கீது?" என்றாள் அம்மா.

"சாமி ஆடாச்சே, சுத்தமா இருக்கணும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

18-1
வேலை கிடைத்துவிட்டது! நாற்பது பேரில் நான். பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. பிப்ரவரி எட்டாம் தேதி சேர வேண்டும்.

"முனி கண்ணத் தொறந்துட்டான்" என்றாள் அம்மா.

31-1, ஞாயிறு
நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஏரிக்கரையில் சொந்தக்காரர்கள் முப்பது பேர், அரைத்த மசாலாவோடு. பூசாரி சடையன் கிடாவின் தலையில் ஒரு சொம்பு ஊற்றினார். அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. கிடா என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. ஏழாவது சொம்பில் சடையனே சிலுப்பிக்கொண்டார். என் சோதனை வெற்றி! மனசுக்குள் சிரித்தேன்.

அப்போதுதான் சடையன் அம்மாவிடம் சொன்னார்: "ரேணுகாம்பா, சாமி வாணாங்குது. இந்த வேலைல அதுக்கு இஷ்டமில்ல. பொண்ண அனுப்பாதே."

இதை நான் யோசிக்கவே இல்லையே! எப்படி யோசிக்காமல் போனேன்?

"டவுனுக்குப் போனா கெட்டுடுவானு முனிக்கே தெரிஞ்சிருக்குது" என்றான் அறிவு. அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். அப்பா ஏரியைப் பார்த்தார். உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் சாமி குத்தம். வேலையும் போகும், கிடாவும் போகும்.

சடையன் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்தேன். தை மாதக் குளிர். நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. உடம்பு தானாகச் சிலுப்பியது.

"வாழ்முனி வந்திருக்கேன்டா! டேய் தசரதா!"

சாமி இல்லை என்கிற அப்பா, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கிடா எனக்கு உயிரோட வேணும். பொண்ணு வேலைக்குப் போவணும்!"

"போவட்டும் சாமி, போவட்டும்" என்று அம்மா விழுந்து கும்பிட்டாள். "கிடாவ யாரு பாத்துக்கறது சாமி?"

"அவ அண்ணன்! கோழிக்கூண்டும் சேத்து!"

"கோழியுமா?" என்றான் அறிவு.

"எதுத்தா பேசற?"

கன்னத்தில் போட்டுக்கொண்டான். மசாலா வீணாகக்கூடாது என்று எல்லோரும் கத்திரிக்காய்க் குழம்பு வைத்துத் தின்றார்கள்.

1-2
வெட்கமாக இருக்கிறது. அப்பாவைப் போலி என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்? காலையில் கூண்டிலிருந்து அறிவு இருமும் சத்தம் கேட்டது. வெட்கம் கொஞ்சம் கம்மியானது.

8-2
ஆறே முக்கால் பஸ். முதல் நாளே மூன்று கேனில் தண்ணீர் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். "ஏமாத்தறவங்கள எப்படிம்மா கரெக்டா பிடிக்கறே?" என்றார் மேனேஜர். அடுத்த கேனைத் திறந்தேன்.

21-2, ஞாயிறு
எல்லம்மாள் அத்தை எலுமிச்சம்பழம், வெற்றிலையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னால் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தாள். என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டாள்.

"கீதாஞ்சலி விஷயமா கேக்கலாம்னு வந்தேங்க. மேல படிக்க வைக்கறதா, தையில கேட்ட எடத்துக்கே குடுத்துடறதா? நீங்க... அவுரு என்னா சொல்றாரோ அதாங்க."

இதைத்தானே அன்றைக்கு என் வாயால் இலவசமாகச் சொன்னேன்? சாமியும் இல்லை ஒன்றும் இல்லை, எழுந்து போங்க அத்தை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கதவோரம் கீதாஞ்சலி நின்றிருந்தாள். கெமிஸ்ட்ரி புத்தகம் கையில், விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி.

"ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க" என்றேன். "நல்லா ஜில்லுனு."