ஒரு சாண் உயரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். போன செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் என் கிரேனிலிருந்து சுமை திடீரென்று சறுக்கிக் கீழே இறங்கிவிட்டது. கீழே நின்று எனக்குச் சைகை காட்டும், கூட வேலை செய்யும் அண்ணனின் கால் நசுங்கிவிட்டது. பிரேக் சோதிக்காமல் தூக்கினேன் என்கிறார்கள். சுமையை ஒரு சாண் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். நீ உருவாக்கிய அந்த ராட்சத ரோபோ வீடியோ விளையாட்டுக்கே அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். அதற்காக நாலு வருடத்துக்கு முன் என் கேபினில் கேமரா வைத்து மூன்று நாள் என் உயிரை வாங்கினாயே, அந்தப் பதிவை அனுப்பு, சோதித்துத் தூக்குவதுதான் என் வழக்கம் என்று காட்ட வேண்டும். பதினெட்டாம் தேதி விசாரணை. என் லைசென்ஸ் உன் கையில் இருக்கிறது.

உன் தம்பி

மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

பதிவை முழுக்கப் பார்த்தேன். நாற்பத்தொரு முறை தூக்குகிறாய். முதல் ஆறு முறை, பெண் பார்க்க வந்தவன் போல ஒழுங்காக ஒரு சாணில் நிறுத்துகிறாய். ஏழாவதிலிருந்து நேராக மேலேதான்.

எங்கள் ரோபோ நடக்கும் முன் ஒரு காலை ஒரு சாண் தூக்கி நிறுத்துமே, விளையாட்டின் இரண்டு பாகத்திலும் நிஜம் போலவே இருக்கிறது என்று ரசிகர்கள் கொண்டாடினார்களே, அது அந்த ஆறிலிருந்து எடுத்தது. மற்ற முப்பத்தைந்தையும் அன்றே பார்த்தேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என்னை அரிக்கிறது.

அக்கா

மார்ச் 10

அக்கா,

அந்த ஆறை மட்டும் வெட்டி அனுப்பு. உன் ரோபோ விழுந்தால் மறுபடி ஆடலாம். எனக்கு லைசென்ஸ் போனால் போனதுதான். விளையாட்டுக்காகச் செய்ததைத் தம்பிக்காகச் செய்யமாட்டாயா?

மார்ச் 12

தம்பி,

வெட்ட மாட்டேன். முழுப் பதிவும் பென் டிரைவில் வருகிறது. என்னைக் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். கேட்காவிட்டால் முடிவு உன்னுடையது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் இருந்த கோபத்தில் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் சோதித்ததாகச் சொல்லும்படி அண்ணனைக் கெஞ்சத்தான் போனேன். அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்:

"கவலப்படாத. நீ ஒரு சாண் தூக்கி நிறுத்தினதப் பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நான் நிறுத்தலையேண்ணே."

"கீழ நிக்கிறவனுக்குத் தெரியாதா? வருஷக்கணக்காப் பாக்குறேன். நானும் ஒரு நாள் கேட்டதில்ல."

ஆக, உன் தயவில்லாமலே தப்பித்துவிட்டேன். பென் டிரைவை அலமாரியில் போட்டுப் பூட்டினால் முடிந்தது. வீட்டுக்கு வந்து உன் விளையாட்டைப் போட்டேன். ரோபோ ஒரு காலைத் தூக்கி, நிறுத்தி, பார்த்து, அப்புறம் நடந்தது. பார்க்க வெட்கமாக இருந்தது, அக்கா.

இன்று மறுபடி போய், எழுதிக்கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னேன். பைத்தியக்காரன் என்று திட்டிவிட்டு ஒப்புக்கொண்டார். நாளை பென் டிரைவோடு விசாரணைக்குப் போகிறேன். நாற்பத்தொன்றையும் அவர்கள் பார்க்கட்டும்.

உன் தம்பி