உன் முதல் குடல்வால்

மாப்ள,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில், எனக்கு எதிரே நின்ற மேற்படிப்பு மாணவனின் முகக்கவசத்துக்குள்ளிருந்து புதினா வாசம் வந்தது. வயிற்று எரிச்சலுக்குக் குடிப்போமே, அந்த மருந்தின் வாசம். நோயாளிக்கு இன்னும் மயக்கம் கொடுக்கவில்லை. நான் கையுறையைக் கழற்றினேன். நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னுடைய இந்தப் பழக்கம் அவர்களுக்குத் தெரியும்.

உன்னிடமும் அந்த வாசம்தான் இருந்தது.

நம் யூனிட்டின் சட்டம் நினைவிருக்கிறதா? எங்கும் எழுதப்படாததால் அதை யாரும் மீறியதில்லை. அறுவை சிகிச்சை படிக்க வந்தவன் தன் கையால் செய்யக் கிடைக்கும் முதல் ஆபரேஷன் குடல்வால். அதுவரை கொக்கியைப் பிடித்து அடுத்தவர் வெட்டிய வயிற்றைத் திறந்து வைத்திருப்பதுதான் படிப்பு. குடல்வால் முறை வைத்து வரும். அன்றைக்கு லீவு போட்டவன் வரிசையின் கடைசிக்குப் போவான். காய்ச்சலும் லீவுதான், கல்யாணமும் லீவுதான். உன் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. உனக்கு அடுத்து நான். கப்பலூரில் உன் அப்பா வேலை பார்த்த கம்பெனி முழுக்கச் செய்தி போய்விட்டது. முதல் ஆபரேஷன் முடித்தவன் யூனிட்டுக்குப் புரோட்டா வாங்கித் தர வேண்டும் என்பதால் கடையும் முடிவாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை உனக்கு வயிறு வலித்தது.

"வாய்வு மாப்ள. நேத்துத் தின்ன பஜ்ஜி," என்றாய்.

நம் ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன்கூட விழும்வரை வாய்வு என்றுதான் சொல்வான். அவனைத் திட்டுவது நம் வேலையில் ஒரு பகுதி. யூனிட் டாக்டர்கள் அத்தனை பேரும் வராந்தாவில் வைத்து உன் வயிற்றைச் சட்டைக்கு மேலாக அழுத்திப் பார்த்தோம். படுக்க வைத்துப் பார்த்தால் நீ நோயாளி ஆகிவிடுவாய். நோயாளிக்கு முறை கிடையாது. ஆகவே நிற்க வைத்தே, வாய்வு என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

"எம்புட்டு வலிக்குது?" என்று கேட்டேன்.

"நீ ஆசைப்படுற அளவுக்கு இல்ல. என் முறை ஒனக்கு வராது, போடா."

புதன்கிழமை வார்டில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாய். "வலி மொதல்ல தொப்புளச் சுத்தி இருக்கும். அப்பறம் வலது பக்கம் கீழ எறங்கும். இந்தா, இங்க," என்று உன் வயிற்றின் மேலேயே கையை வைத்துக் காட்டி, சற்றுக் குனிந்தாய். நடிப்பு பிரமாதம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வியாழன் காலை நிமிர்ந்து நடந்து வந்தாய். "வலி சுத்தமா போயிருச்சு மாப்ள. வாய்வுதேன்னு சொன்னேன்ல."

சீழ் பிடித்த குடல்வால் உடைந்ததும் வலி கொஞ்ச நேரம் விட்டுப்போகும். அதற்குப் பிறகுதான் விஷம் வயிறு முழுக்கப் பரவும். தேர்வில் கேட்டிருந்தால் நம்மில் ஒருவன்கூட இதைத் தவறவிட்டிருக்க மாட்டான். அன்று யாரும் கேட்கவில்லை.

நான் எதிரே நின்று கொக்கி பிடித்தேன். வாடிப்பட்டிக்காரர் ஒருவரின் குடல்வாலை, உடைவதற்கு முன்பே, அழகாக எடுத்தாய். "கை சுத்தம்," என்றார் யூனிட் சீஃப். உன் நெற்றி வியர்த்துக் கொட்டியது. முதல் ஆபரேஷனில் எல்லோருக்கும் வியர்க்கும் என்று நர்ஸ் துடைத்துவிட்டார்.

சாயங்காலம் எங்களுக்குப் புரோட்டா. நீ சோடா மட்டும் குடித்தாய். "நல்லாத் தூங்கணும். வாரேன் மாப்ள," என்று ஹாஸ்டலுக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டாய். போனை அணைத்துத் தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பதும் நம் சட்டம்தான். வெள்ளி முழுக்க யாரும் தட்டவில்லை. கதவை உடைத்தது சனிக்கிழமை. அன்றுதான் உன்னைப் படுக்க வைத்துப் பார்த்தோம். சீஃபே வயிற்றைத் திறந்தார். கொக்கி என் கையில். காப்பாற்ற முடியவில்லை.

உன் அப்பா கம்பெனி ஆட்களோடு வேனில் வந்தார். "டாக்டருக இம்புட்டுப் பேரு இருந்தீங்களேப்பா," என்றார். 

அடுத்த குடல்வால் எனக்கு வந்தது. வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான்.

இன்றைய பையனைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கச் சொன்னேன்.

"சார், இன்னிக்கு என் முறை சார்."

"ஒன் முறை எங்கயும் போகாது. படு."

"வலி இருந்துச்சு சார். காலைல போயிருச்சு."

அழுத்தினேன். விட்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. ஸ்கேன், ரத்தம், எதிலும் ஒன்றுமில்லை. நிஜமாகவே வாய்வு. இதுவரை நான் படுக்க வைத்த எல்லோருக்கும் வாய்வுதான். கேன்டீனில் எனக்கு வாய்வு டாக்டர் என்று பெயராம். அதில் வருத்தமில்லை. இத்தனை பேருக்கும் வாய்வாகவே இருந்துவிட்டதுதான் பயமாக இருக்கிறது.

மதியம் அவன் தன் முதல் குடல்வாலை எடுத்தான். நன்றாகவே எடுத்தான். "தூங்கப் போறேன் சார், வாரேன்," என்றான். போனை அணைக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

இதை எழுதும்போதே அழைத்துப் பார்த்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. தூங்குகிறான். தூங்கத்தான் செய்வான். ஹாஸ்டல் பக்கத்தில்தான் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டுகிறேன், திட்டினால் திட்டட்டும்.

வாரேன் மாப்ள.